யானைக் கதவு வரைக்கும்

ரவுண்டுக்காரர் எப்போதும் மூன்று எட்டு முன்னால்தான் நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால் வருகிற செருப்புச் சத்தத்தை வைத்தே எத்தனை பேர் வருகிறார்கள், யாருக்குக் கால் வலிக்கிறது, யார் வெற்றிலை வாங்க ஒதுங்கினார் என்று கண்டுபிடித்துவிடுவார். "ஒருத்தவுக நின்னுட்டீங்க போலருக்கே. வாங்க வாங்க, பாதியில கழண்டுராதீங்க" என்று முதுகைக் காட்டிக்கொண்டே குரல் கொடுப்பார். இத்தனை வருஷம் கழித்து நினைத்தால், அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்குத் துலக்கமாக ஞாபகம் வருகிறது.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானத்தின் தலைநகரம். நான் அங்கே ஒரு சத்திரத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கோர்ட்டு வேலையாக வருகிறவர்கள், கோயில் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் பேச வருகிறவர்கள் எல்லாரும் வந்து தங்குவார்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ரவுண்டுக்காரருக்கு ஆள் அனுப்புவேன். அவர் அரண்மனையில் டவாலி போட்டு நின்ற சேவகர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது தோளில் மாட்டுகிற அந்தச் சிவப்புப் பட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வெளுத்து மடித்து வைத்திருந்து, ஊர் காட்டப் போகிற நாளில் மட்டும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் ஊர் காட்டுவதற்கு ஒரே வழிதான். கீழ ராஜ வீதி முனையில் ஆரம்பம். பழைய அரண்மனை மதில், பல்லவன் குளம், பிறகு தெற்கு ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி என்று வலமாக வந்து, ஆரம்பித்த முனையிலேயே முடிப்பார். தேர் வருகிற வழி அதுதான் என்பார். எதிர்ப்பக்கமாகப் போனால் வெயில் படாதே என்று ஒரு வக்கீல் சொல்லிப் பார்த்தார். "தேரு அங்கிட்டு வராதுங்க, நானும் வரமாட்டேன்" என்றுவிட்டார். சுற்றி முடித்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் அம்மன் காசு கொடுப்பார். எங்கள் சமஸ்தானத்தின் செப்புக் காசு அது. சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கும், அதில் அம்மன் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பாள். "இதாங்க எங்க ஊரு. சுத்தி முடிச்சாச்சு. பத்திரமா வச்சுக்கங்க" என்று உள்ளங்கையில் வைத்து மூடிவிடுவார். பாதியில் திரும்பியவர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் காசு கிடையாது.

ஒரு தடவை மூட்டுவலிக்கார தாசில்தார் ஒருவர் தெற்கு ராஜ வீதியிலேயே ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது, சத்திரத்துக்குப் போகலாம் என்றார். ரவுண்டுக்காரர் வாக்குவாதம் பண்ணவில்லை. எங்கேயோ போய் ஒரு ஒற்றை மாட்டு வண்டியைப் பிடித்து வந்து தாசில்தாரை ஏற்றினார். சத்திரத்துக்கு என்று நினைத்து அவரும் ஏறிக்கொண்டார். வண்டி நேராக மேல ராஜ வீதிக்குத் திரும்பியது. மாட்டுக்கு மூன்று எட்டு முன்னால் இவர் நடந்தார். அன்றைக்குச் சாயங்காலம் தாசில்தார் என்னிடம் கத்து கத்தென்று கத்தினார். ஆனால் அம்மன் காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு ஒரே மகன். ராசு என்று பெயர். சண்டைக்கு முன்னால் பினாங்கில் ஒரு கடை வேலைக்குக் கப்பலேறிப் போனான். மாதம் ஒரு கடிதம் வரும். அதை என்னிடம் கொண்டு வந்து படிக்கச் சொல்லிக் கேட்பார். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் கடிதம் நின்றது. சமஸ்தானத்தில் பாதி வீட்டுக்கு அக்கரையில் ஆள் உண்டு. எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தாங்கிக்கொண்டார்கள். சிலர் சாமிக்கு முடிந்து வைத்தார்கள், சிலர் ஜோசியரிடம் போனார்கள். ரவுண்டுக்காரர் இரண்டையும் செய்யவில்லை. அவர் ஊர் காட்டுகிற விதம் மாறியது.

முதலில் எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் காற்று வாங்கலாம் என்று நானும் கூடப் போனேன். அரண்மனை மதிலருகில் நின்றார். எந்த ராஜா கட்டினார், எத்தனை யானை நின்றது என்று வழக்கமாகச் சொல்லுவதைச் சொல்லவில்லை. மதிலில் ஒரு பொந்தைக் காட்டினார். "எம்மகன் ராசு எட்டு வயசுல கிளிக்குஞ்சு பிடிக்கன்னு இதுக்குள்ள கைய விட்டான். கை மாட்டிக்கிருச்சு. எண்ணெய ஊத்தித்தான் எடுத்தோம்" என்றார். பல்லவன் குளத்தில், "மேல இருந்து நாலாம் படி. இங்கதான் வழுக்கி விழுந்தான். தாடையில கோடு மாதிரி தழும்பு இருக்கும், இடப்பக்கம்" என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். தெற்கு ராஜ வீதியில் அவன் வெல்லம் வாங்கித் தின்ற கடை. வடக்கு ராஜ வீதியில் அவன் பட்டம் மாட்டிக்கொண்ட வேப்பமரம். வந்திருந்தவர்கள் சேலத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. மேல ராஜ வீதியில் ஒரு பெரிய வீட்டுக்கு யானை செதுக்கிய கதவு உண்டு. ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று தடவிப் பார்ப்பார்கள். அங்கே வந்ததும் "இது ஒரு கதவுங்க" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒருவர், ஊரைப் பார்க்க வந்து ஒரு கிழவரின் மகன் கதையைக் கேட்டுத் திரும்பினோம் என்று சத்திரத்துப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பாதே என்றார். நான்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஊரக் காட்டுங்க பெரியவரே. மகனப் பத்தி எதுக்கு? வர்றவுகளுக்கு அதுல என்ன இருக்கு?" என்றேன். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எனக்கு விளக்கினார். "ஒங்களுக்குப் புரியலீங்க குமாஸ்தா ஐயா. இவுக எல்லாம் எங்கெங்கயோ போவாக. என்னைக்காச்சும் ஒரு பய, எங்க ஊர்க் கொளத்துல நாலாம் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லுவான். அது இவுக காதுல விழும்ல? அட, இவன் அந்தக் கெழவன் மகன்ல அப்படின்னு தோணும்ல? ஒரு காயிதம் போடுவாகல்ல?"

"பினாங்குல இருக்கவன் பேசுறது சேலத்துக்காரன் காதுல எப்படிங்க விழும்?"

"விழாதுன்னு சொல்லாதீங்க" என்றார். "அத மட்டும் சொல்லாதீங்க."

நான் வெளியே வந்தேன். அவர் மனைவி தெருமுனை வரை என் பின்னாலேயே வந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவள் கையமர்த்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"புள்ள கப்பலுக்குப் போன அன்னைக்குப் பதினோரு மணி ரயிலு, தம்பி. வெள்ளனவே யாரோ ரெண்டு பேரு ஊரு பாக்கணும்னு வந்தாக. இன்னைக்கு வேணாம்னு சொன்னேன். பத்துக்குள்ள முடிச்சுருவேன்னு போயிட்டாரு. வந்தவுக வயசாளிக, மெல்லத்தான் நடந்துருக்காக. புள்ள டிரங்குப் பொட்டியத் தூக்கிக்கிட்டு மேல ராஜ வீதிக்கே தேடிப் போயிட்டான். அந்த யானைக் கதவுகிட்ட நின்னு, அப்பா போயிட்டு வாரேன்னு சொல்லியிருக்கான். இவரு நிக்கல. இந்தா முடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு வந்துர்றேன், நீ போன்னுட்டு நடந்துட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கலியாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரயிலு நகர்ற வரைக்கும் எட்டி எட்டிப் பாத்தான். இவரு ஓடியாந்தப்ப ஸ்டேஷன் கேட்டப் பூட்டியாச்சு. அவுகளுக்கு அம்மன் காசு குடுத்துட்டுத்தான் ஓடியாந்துருக்காரு, தம்பி." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகும் மானேஜரிடம் போய் அவருக்காகப் பேச எனக்குத் துப்பில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

சத்திரத்துக் கதவு அவருக்கு அடைபட்டதும் அவர் ரயிலடியில் போய் நின்றார். திருச்சி வண்டியிலிருந்து இறங்குகிறவர்களை மறித்து, "ஊரு பாக்குறீகளா? காசு வேணாங்க" என்று கெஞ்சினார். பட்டாளத்துக்காரன் ஒருவனின் கையைப் பிடித்து இழுத்து, அவன் உதறிய உதறலில் விழுந்து நெற்றியில் காயம் பட்டுக்கொண்டார். கட்டுப் போட்ட தலையோடு மறுநாளும் போனார். போர்ட்டர்கள் விரட்டினார்கள். யாரும் வராத நாளில் என்ன செய்தார் என்பதை ஒரு சித்திரை வெயிலில் நானே பார்த்தேன். உச்சிப் பொழுது. தெரு வெறிச்சென்று கிடந்தது. டவாலியை மாட்டிக்கொண்டு தெற்கு ராஜ வீதியில் தனியாக நடந்துகொண்டிருந்தார். வெல்லக் கடை முன்னால் நின்று கையை நீட்டிக் காட்டிப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "வாங்க, பாதியில கழண்டுராதீங்க" என்றார். பின்னால் ஒருவரும் இல்லை.

ஓடிப் போய் என் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். "யாரக் கூட்டிக்கிட்டுப் போறீங்க பெரியவரே? வீட்டுக்கு வாங்க."

"ஆள் இல்லாட்டி என்னங்க, ரவுண்டு நிக்கக் கூடாது" என்றார். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. "நான் இங்க நின்னா அவன் அங்க நின்னுருவான். எனக்குத் தெரியுது. தெனம் ஒரு சுத்து வந்துட்டேன்னா அன்னைக்கு ஒருநா அவனுக்கு ஓடிரும். வழிய விடுங்க."

வழியை விட்டேன். வேறென்ன செய்வது?

சண்டை ஓய்ந்தது. அக்கரையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இலுப்பூரில் ஒருவன் வந்தான் என்றால் இலுப்பூருக்கு ஓடினார். வந்தவர்கள் எல்லாரும் எலும்பும் தோலுமாக வந்தார்கள், எதையும் பேசப் பிரியப்படவில்லை. ராசுவைப் பார்த்ததாக ஒருவனும் சொல்லவில்லை.

மறு வருஷம் ஆடியில் ஒரு நாள் காலை, காக்கி அரைக்கால் சட்டையும் தோளில் ஒரு சாக்குமாக ஒருவன் சத்திரத்து வாசலில் வந்து நின்றான். முகத்தைப் பார்த்தால் நாற்பது இருக்கும். குரல் இருபத்தைந்துதான். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் புண் ஆறிய வடுக்கள். பெயர் அந்தோணி, பிறந்தது மலேயாத் தோட்டத்தில், அம்மா பிறந்த ஊர் ஆவூர், அங்கே சொந்தம் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறேன் என்றான். அதற்கு முன்னால் இந்த ஊரைச் சுற்ற வேண்டுமாம்.

"ஊர் காட்ட ஆள் வேணுமா?" என்றேன்.

"வேணாங்க. எனக்குத் தெரியும். கீழ ராஜ வீதி முனை எங்கிட்டு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அங்கேருந்துதான ஆரம்பிக்கணும்? தேரு வர்ற வழியாத்தான சுத்தணும்?"

"இதுக்கு முன்னால இந்த ஊருக்கு வந்துருக்கியா?"

"இந்தத் தேசத்துக்கே இப்பத்தாங்க வாரேன். கூட இருந்த ஒருத்தன் சொன்னது. சயாம்ல ஜப்பான்காரன் போட்ட ரயில் ரோட்டுல வேல செஞ்சோம். தாடையில தழும்பு இருக்கும். அவுங்கப்பா இந்த ஊருதான். இருக்காரா?"

அந்தக் கூட இருந்தவன் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவனைக் கீழ ராஜ வீதி முனையில் நிற்கச் சொல்லிவிட்டு, ரவுண்டுக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் டவாலியைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடி வந்தார். மாட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. வந்ததும் அந்தோணியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"ராசு எங்கப்பா? எப்ப வாரான்?"

அந்தோணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நடந்துக்கிட்டே சொல்றேங்க. அவன் சொன்ன வரிசையிலதான் எனக்குச் சொல்ல வரும்" என்றான்.

அவன் முன்னால் நடந்தான். ரவுண்டுக்காரர் பின்னால் நடந்தார். அவர் ஒருவருக்குப் பின்னால் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மதில் பொந்தை அவனே கண்டுபிடித்தான். "கிளிக்குஞ்சுக்கு இல்லீங்களாம். ஒங்க சுருக்குப் பையிலருந்து எடுத்த அம்மன் காச இதுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தானாம். அத எடுக்கத்தான் கைய விட்டானாம். ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்னு சொல்லிச் சிரிப்பான்" என்றான். ரவுண்டுக்காரர் சிரித்தார். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். "களவாணிப் பய! வரட்டும், வரட்டும்" என்றார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. குளத்தில் அந்தோணி எண்ணி இறங்கி நாலாம் படியில் நின்றான். வெல்லக் கடையில் கடைக்காரரின் வழுக்கைத் தலையைப் பற்றிக்கூடச் சொன்னான். ரவுண்டுக்காரர் ஒவ்வொரு இடத்திலும் "ஆமா, ஆமா" என்று என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கேட்டீர்களா, காதில் விழுந்துவிட்டது பார்த்தீர்களா என்று அந்தக் கண் என்னைக் கேட்டது.

மேல ராஜ வீதியில் யானைக் கதவுக்கு முன்னால் அந்தோணி நின்றான். கதவைப் பார்த்தான். பிறகு சாக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

"ஏன்?" என்றார் ரவுண்டுக்காரர். "இன்னும் வடக்கு ராஜ வீதி இருக்கே? வேப்பமரம் இருக்கே?"

"சாயந்திரம் கஞ்சிக்கு வரிசையில நிப்போமுங்க. பசி தெரியாம இருக்கக் கொஞ்சங் கொஞ்சமா ஒங்க ஊரச் சொல்லிக்கிட்டு வருவான். அன்னைக்கு இந்தக் கதவுகிட்ட வந்தான். வந்ததும் நிறுத்திட்டான். மீதிய எப்பச் சொல்லுவேன்னு கேட்டேன். ‘மீதிய எங்கப்பா காட்டுவாரு. அவரு பாதியில விடமாட்டாரு’ன்னான்." அந்தோணி குனிந்து சாக்கின் வாயை முடிந்தான். "அப்பக் காலரா போட்டு வாரிக்கிட்டு இருந்துச்சுங்க. மறுநா சாயந்திரம் நான் மட்டும்தான் வரிசையில நின்னேன். நான்தான் அவன மண்ணுல வச்சேன்."

ரவுண்டுக்காரர் தெரு நடுவில் உட்கார்ந்துவிட்டார். வண்டிகள் ஒதுங்கிப் போயின. அவர் அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பாதியில் விடமாட்டார் என்று ராசு சொன்னது பெருமையிலா, மனத்தாங்கலிலா என்று நான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என்னவாகக் கேட்டது என்றும் தெரியவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு என்றைக்கும் வரவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. அவர் எழுந்தார். டவாலியை உதறித் தோளில் மாட்டிக்கொண்டார். கதவின் பக்கம் கையை நீட்டினார்.

"இங்கதாங்க எம்மகன் ராசு டிரங்குப் பொட்டியோட நின்னான்" என்றார். குரல் வழக்கமாக ஊர் காட்டுகிற குரல்தான். "அப்பா, போயிட்டு வாரேன்னு சொன்னான். நான் நிக்கல. திரும்பிப் பாக்கல." கையை இறக்கினார். "வாங்க. மீதி இருக்கு."

வடக்கு ராஜ வீதியை அவர் காட்டினார். வேப்பமரத்தைக் காட்டினார். ஒன்றும் விடவில்லை. ஆனால் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று திரும்பி, அந்தோணி வருகிறானா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். கீழ ராஜ வீதி முனைக்கு வந்ததும் மடியிலிருந்து ஓர் அம்மன் காசை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்து அதன் மேலேயே வைத்தார்.

"ரெண்டு குடுத்துட்டீங்களே" என்றான் அந்தோணி.

"அவனும் சுத்தி முடிச்சுட்டான்ல" என்று சொல்லி அவன் விரல்களை மூடினார்.

அந்தோணி ஆவூர் பஸ்ஸுக்குப் போனான். நாங்கள் இருவரும் முனையிலேயே நின்றோம். வீட்டில் அந்தம்மா வாசலைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வீட்டுக்கு அங்கிருந்து மூன்று தெருதான். அவர் தெற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குமாஸ்தா ஐயா, கொஞ்சம் முன்னால நடங்க. எங்கிட்டுப் போகணும்னு எனக்குத் தெரியல" என்றார்.

நான் முன்னால் நடந்தேன்.